காது மெஷின் மக்கர் பண்ணினால்: ரிப்பேரா, புதுசா, ஊருக்குக் கொடுத்தனுப்புவதா?

"அப்பாவோட மெஷின் ஒரு பக்கம் கேட்கவே இல்லை. கடையில் ரிப்பேருக்குப் பெரிய தொகையாகச் சொல்கிறார்கள். அதுக்குப் புதுசே வாங்கிடலாம்னு அண்ணன் சொல்றார். சென்னைக்குப் போறவங்ககிட்ட கொடுத்தனுப்பலாம்னு அத்தை சொல்றாங்க. என்னதான் செய்யறது?"

இங்கே சிங்கப்பூரில் ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. என் அம்மா பல வருடமாக இரண்டு காதிலும் மெஷின் போடுகிறவர். அதைத் துடைத்து, பேட்டரி பார்த்து, தேவைப்பட்டால் தூக்கிக்கொண்டு அலைவது என் வேலை. அதனால்தான் என்னைக் கேட்கிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலையை மட்டும் வைத்து முடிவெடுக்கப் போவதில்தான் இந்தக் குழப்பமே வருகிறது. ரிப்பேராகி வரும் மெஷினை அவர் காதுக்கு ஏற்றபடி உட்கார்ந்து செட் செய்து தரப்போவது யார்? அதுவரை அவர் எத்தனை நாள் கேட்காமல் இருக்கப்போகிறார்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான்.

## முதலில் பாருங்கள்: செத்ததா, அடைத்ததா?

இப்போது பரவலாக விற்பது ஆர்.ஐ.சி. வகை. உடல் காதுக்குப் பின்னால் இருக்கும். அதிலிருந்து மெல்லிய வயர் ஒன்று காதுக்குள் போகும். அதன் நுனியில் இருப்பதுதான் ஸ்பீக்கர். கடைக்காரர்கள் ரிசீவர் என்பார்கள். அதன்மேல் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் குடைதான் டோம். டோமைக் கழற்றினால் நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு தெரியும். அது வேக்ஸ் ஃபில்டர். காது அழுக்கு அதில் அடைத்துக்கொண்டால், மெஷினுக்குள் எல்லாம் நன்றாக வேலை செய்தாலும் சத்தம் வெளியே வராது. "மெஷின் செத்துப்போச்சு" என்று அம்மா சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்தப் பொட்டு மஞ்சளாகியிருக்கிறதா என்றுதான்.

மாற்றுவது சுலபம். ஃபில்டர் பெட்டியில் வரும் குச்சிக்கு இரண்டு முனை. ஒன்று வெறுமையாக இருக்கும், மற்றதில் புது ஃபில்டர் இருக்கும். வெறும் முனையைப் பழைய ஃபில்டரில் குத்தி நேராக இழுத்தால் அது வந்துவிடும். குச்சியைத் திருப்பிப் புதியதை அழுத்தி, ஆட்டாமல் வெளியே எடுத்தால் ஃபில்டர் உள்ளேயே நின்றுவிடும். பிறகு டோமை முழுதாக உட்காரும்வரை தள்ளுங்கள். அரைகுறையாக மாட்டினால் டோம் காதுக்குள்ளேயே கழன்று தங்கிவிடும்; அதை எடுக்க டாக்டரிடம் போக வேண்டிவரும். ஃபில்டரும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஃபோனாக்குக்கு செருஷீல்ட், ஓட்டிகானுக்கு புரோவேக்ஸ், வைடெக்ஸுக்கு நானோகேர். ஒன்றுக்கு மற்றது சேராது.

அடுத்தது பேட்டரி. சின்னப் பொத்தான் பேட்டரிகள் துத்தநாகமும் காற்றும் சேர்ந்து மின்சாரம் தரும் வகை. ஸ்டிக்கரை உரித்தால்தான் காற்று உள்ளே போகும். உரித்ததும் ஒரு நிமிடம் மேசைமேல் வைத்துவிட்டுப் போட்டால் முழுச் சக்தியோடு தொடங்கும். உரித்ததை மறுபடி ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. ஸ்டிக்கர் நிறம்தான் அளவுக்கு அடையாளம்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். "பேட்டரி மாத்திட்டேன், அப்பவும் கேக்கலையே" என்று அம்மா சொன்ன ஒரு நாள், ஸ்டிக்கரை உரிக்காமலேயே உள்ளே போட்டிருந்தார். சார்ஜ் வகை என்றால் வலது மெஷினை இடது குழியில் வைத்துப் பாருங்கள். அங்கே சார்ஜ் ஏறினால் குற்றம் மெஷினில் இல்லை, சார்ஜரில்.

மெஷினை ஆன் செய்து உள்ளங்கையில் பொத்திப் பாருங்கள். கூவினால் மைக், சர்க்யூட், ஸ்பீக்கர் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. கூவாவிட்டால் செத்தது என்று சொல்லிவிட முடியாது. புதிய மாடல்கள் கூவலைத் தாமே அடக்கிக்கொள்ளும்.

காது அளவுக்கு வார்த்த மோல்ட் போட்டு டியூப் வழியாகச் சத்தம் போகும் பழைய பி.டி.இ. வகையில் டியூப்பைப் பாருங்கள். காதின் உட்பக்கம் சூடும் ஈரமும். வெளியே ஏர்கான் குளிர். அந்த ஈரக் காற்று டியூப்பில் குளிர்ந்து துளித்துளியாக நிற்கும். ஏர்கான் போட்ட அலுவலகத்திலும் எம்.ஆர்.டி. ரயிலிலும் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஒரு சொட்டு போதும், சத்தத்தை அடைத்துவிடும். மோல்டைக் கழற்றி, சின்ன ரப்பர் பம்ப்பால் ஊதினால் சரி. டியூப் மஞ்சளாகி விறைத்துப் போயிருந்தால் மாற்ற வேண்டும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம்.

நம் வீடுகளுக்கென்றே இன்னும் இரண்டு உண்டு. ஒன்று தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் முகத்துக்குப் போடும் பவுடரும். மைக் துளைகளை மெல்ல அடைத்துவிடும். எண்ணெய் தேய்த்து, தலை வாரி, பவுடர் போட்டு முடித்த பிறகு கடைசியாக மெஷினை மாட்டச் சொல்லுங்கள். மற்றது காதில் எண்ணெய் விடும் பழக்கம். விட்ட கையோடு மெஷினைச் செருகினால் ரிசீவருக்கு ஆயுள் குறையும்.

மெஷின் ஒழுங்காக இருந்து, காதில் அழுக்கு அடைத்திருக்கவும் செய்யலாம். அப்படியென்றால் பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ போனால் போதும். ஆனால் மெஷின் சரியாக இருக்கும்போதே ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளுக்குள் மங்கிவிட்டால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அது அவசர விஷயம். சீக்கிரம் மருந்து தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம்.

இவ்வளவும் பார்த்து, இன்னும் கேட்கவில்லை என்றால்தான் ரிப்பேர், புதுசு என்ற பேச்சு.

## எதை வைத்து எடை போடுவது

*என்ன போனது?* ரிசீவர் போயிருந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். வலதா இடதா, வயர் நீளம், சத்த அளவு மூன்றும் பொருந்தும் ரிசீவர் கையிருப்பில் இருந்தால் அரை மணி நேர வேலை. சர்க்யூட்டோ உள் பேட்டரியோ போயிருந்தால் பெரும்பாலும் கம்பெனிக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும்.

*வயது என்ன?* ஒரு காது மெஷின் சராசரியாக ஐந்து வருடம் உழைக்கும் என்பார்கள். நன்றாகப் பராமரித்தால் ஏழு வருடம்வரை ஓட்டுகிறவர்களும் உண்டு. சார்ஜ் பேட்டரி நான்கு, ஐந்து வருடத்தில் தளர்ந்துவிடும். ஒரு மாடலை நிறுத்திய பிறகும் கம்பெனி சில வருடங்கள் உதிரிபாகம் வைத்திருக்கும். அதற்கு மேல் ரிப்பேர் என்பது இருக்கும் பாகத்தை வைத்து ஒப்பேற்றுவதுதான்.

*இல்லாமல் எத்தனை நாள்?* வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு நாளே அதிகம். வீட்டில் தனியாக இருக்கும் முதியவருக்கு அழைப்பு மணி கேட்காது, தொலைபேசி கேட்காது. ஒரு வாரத்தில் பேசுவதையே குறைத்துக்கொள்வார். எந்த ரசீதிலும் வராத செலவு இது. நான் முதலில் எழுதிக்கொள்வதும் இதைத்தான்.

*யார் ட்யூன் செய்வார்?* மெஷினுக்குள் அவரவர் கேட்புச் சோதனைக்கு ஏற்ற கணக்கு பதிந்திருக்கிறது. சர்க்யூட்டை மாற்றினால் அதைக் கம்ப்யூட்டரில் மறுபடி ஏற்ற வேண்டும். அந்தந்த கம்பெனியின் மென்பொருளும் இணைப்புக் கருவியும் இல்லாதவர்களால் தொடவே முடியாது. சில கடைத்தொடர்கள் தாம் விற்கும் மெஷினை மற்றவர் திறக்க முடியாதபடி பூட்டியும் வைத்திருக்கும்.

*காது மாறியிருக்கிறதா?* கடைசிச் சோதனை எப்போது என்று நினைவில்லை என்றால், சோதனை இல்லாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். மெஷின்மேல் போடும் பழி பல நேரம் காது இறங்கியதால் வருவது.

## வழி 1: வீட்டிலேயே பார்த்துக்கொள்வது

எல்லோரும் செய்ய வேண்டியது இது. ஆனால் இதை ரிப்பேருக்கு மாற்று என்று நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

தேவைப்படுவது ஒரு சின்ன பிரஷ், உலர்ந்த துணி, ஃபில்டர், டோம், ஊதும் பம்ப், ஈரம் உறிஞ்சும் டப்பா. இவற்றில் கடைசியானதுக்குத்தான் நான் வக்காலத்து வாங்குவேன். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். காதுக்குப் பின்னால் வழியும் வியர்வையில் உப்பும் உண்டு. மெஷினில் ஐ.பி.68 (தூசி, தண்ணீர் புகாத தரக்குறி) என்று எழுதியிருப்பதை நம்பிக் கவலையற்று இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. உப்பு வியர்வை தினமும் படிந்து பேட்டரி முனையைப் பச்சையாக்குவதற்கு அது உத்தரவாதம் இல்லை. சிலிக்கா ஜெல் டப்பாவுக்குச் செலவு குறைவு, ஆனால் மணியை அவ்வப்போது மாற்ற வேண்டும் அல்லது சூடாக்கி உலர்த்த வேண்டும். மின்சார டிரை பாக்ஸ் கொஞ்சம் விலை கூடுதல். இரவு போட்டால் காலையில் தயார். எது வைத்திருந்தாலும் பொத்தான் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரியும் சேர்ந்து காய்ந்துவிடும்.

மறைவான செலவு கைத்தவறில் இருக்கிறது. முடி உலர்த்தும் டிரையரைக் காட்டுவது, ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது, ரிசீவர் துளையில் ஊசி விடுவது, மோல்டோடு சேர்த்து மெஷினையும் குழாயடியில் காட்டுவது: இவற்றில் எதைச் செய்தாலும் சில நூறு வெள்ளி போய்விடலாம். மோல்டை மட்டும் தனியாகக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவலாம்.

இன்னொன்று, பழைய பேட்டரியைப் பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வாயில் போடும் அளவில்தான் இருக்கிறது அது.

பார்வை மங்கியவர்களும் விரல் நடுங்குகிறவர்களும் இதைத் தனியாகச் செய்ய முடியாது. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்க்க ஆள் இருந்தால்தான் இந்த வழி நிற்கும்.

## வழி 2: வாங்கிய கடைக்கே கொண்டுபோவது

மெஷின் வாரண்டியில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். வாரண்டி தீர்ந்தும் நான்கு வருடத்துக்குள் என்றால், என் கருத்தில் இன்னமும் இதுதான் முதல் தேர்வு. அவர்களிடம் உங்கள் பழைய சோதனை முடிவு இருக்கிறது, மென்பொருள் இருக்கிறது, உங்கள் அப்பாவுக்கு எந்தச் சத்தம் எரிச்சலூட்டும் என்பதுகூடத் தெரிந்திருக்கும்.

மறைவாக இருப்பவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். ரிப்பேருக்குச் சொல்லும் விலையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா? திரும்பி வந்ததும் ட்யூன் செய்வதற்குத் தனிக் கட்டணம் உண்டா? சரிசெய்த பாகத்துக்கு எத்தனை மாத வாரண்டி? கம்பெனிக்கு அனுப்பும் நாட்களில் இரவல் மெஷின் தருவார்களா? கடைசிக் கேள்விதான் என்னைப் பொறுத்தவரை கடையின் தரத்தைக் காட்டுவது. ஒரு கடையில் நான் இதைக் கேட்டபோது, "ஆன்ட்டி வீட்டுலதானே இருக்காங்க, ரெண்டு வாரம்தான்" என்று பதில் வந்தது. வீட்டில் இருப்பவர்களுக்குக் காது வேண்டாம் போலிருக்கிறது.

"பழசாயிடுச்சு, இனி ரிப்பேர் செய்ய முடியாது" என்று சொன்னால் அது கடையின் அபிப்பிராயமா, கம்பெனியே உதிரிபாகத்தை நிறுத்திவிட்டதா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. விற்பவருக்குப் புதுசு விற்பதில்தான் லாபம். அதைக் குற்றம் சொல்லவில்லை, மனத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள் என்கிறேன்.

கடை மூடிவிட்டால்? கம்பெனியின் உள்ளூர் அலுவலகத்தையோ அதே பிராண்டைச் செய்யும் வேறு கிளினிக்கையோ பிடிக்கலாம். உலகில் விற்கும் மெஷின்களில் பெரும்பகுதி ஐந்தே குழுமங்களுடையது. ஃபோனாக் சோனோவாவுடையது, ஓட்டிகான் டெமன்டுடையது, ரீசவுண்ட் ஜி.என்.னுடையது, சிக்னியாவும் வைடெக்ஸும் 2019 முதல் டபிள்யூ.எஸ். ஆடியாலஜி என்ற ஒரே குடையில், ஐந்தாவது ஸ்டார்கி. பிராண்ட் பெயர் தெரிந்தால் வழி தெரிந்துவிடும்.

## வழி 3: மருத்துவமனையின் கேட்பியல் பிரிவு

சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, டான் டோக் செங், சாங்கி, கூ டெக் புவாட் போன்ற அரசு மருத்துவமனைகளில் கேட்பியல் நிபுணர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு என்றால் கேகே மருத்துவமனை. பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போனால் மானியக் கட்டணம்.

இதன் பலம், காதையும் மெஷினையும் ஒரே இடத்தில் பார்ப்பது. பலவீனம் காத்திருப்பு. இன்றைக்குக் கேட்காத காதுக்கு அடுத்த அப்பாய்ன்ட்மென்ட் எப்போது என்பதுதான் பிரச்சினை. வெளியில் வாங்கிய மெஷினை எல்லா இடத்திலும் கையில் எடுப்பதும் இல்லை. போகும் முன் பிராண்டையும் மாடலையும் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் மிச்சம்.

எப்போது இதுவே சிறந்தது? காது இறங்கியிருக்கிறது என்ற சந்தேகம் இருக்கும்போது. காதில் வலி, சீழ், தலைசுற்றல், ஒரு பக்கம் மட்டும் இரைச்சல் இருக்கும்போது. அரசு உதவியோடு புது மெஷின் வாங்கும் எண்ணம் இருக்கும்போது. மௌண்ட்பேட்டன் ரோட்டில் இருக்கும் சிங்கப்பூர் அசோசியேஷன் ஃபார் த டெஃப் சங்கத்தையும் மறக்க வேண்டாம். 1955 முதல் இருக்கும் அமைப்பு. லாப நோக்கமில்லாத இடத்தில் ஆலோசனை வேண்டுமென்றால் அங்கேயும் கேட்கலாம்.

## வழி 4: ஜேபி (ஜொகூர் பாரு), சென்னை, ஆன்லைன்

இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே.

ஊரில் கூலி குறைவு என்பது உண்மை. சென்னையிலும் திருச்சியிலும் எல்லாப் பெரிய பிராண்டுக்கும் ஆள் இருக்கிறது. மெஷினை அங்கேயே வாங்கியிருந்தால் அங்கே கொடுப்பதே முறை, வாரண்டியும் பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் செல்லும். இங்கே வாங்கிய மெஷினை அங்கே அனுப்பும்போதுதான் கணக்கு மாறுகிறது.

மெஷின் போகும், காது போகாது. எடுத்துக்கொண்டு போகும் மாமா திரும்பி வர மூன்று வாரம். சரிசெய்தவர் அப்பாவின் காதைப் பார்த்ததே இல்லை. பழைய கணக்கு அழிந்திருந்தால் பொதுவான ஏதோ ஒரு கணக்கை ஏற்றித்தான் அனுப்புவார். இங்கே வந்ததும் "சத்தம் இரையுது, பேச்சு புரியல" என்று அப்பா கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார். பிறகு அதை ட்யூன் செய்ய இங்கேயே ஒரு கிளினிக்கைத் தேடி, அதற்கும் காசு கொடுக்க வேண்டும். வேறு இடத்தில் பிரித்த மெஷினைக் கம்பெனி மறுபடி ஏற்க மறுக்கவும் கூடும்.

அப்பாவே ஊருக்குப் போய் ஒரு மாதம் தங்குகிறார் என்றால் கதையே வேறு. கடைசி ஆடியோகிராம் (கேட்புச் சோதனை வரைபடம்) நகலைக் கையில் கொடுத்து, போன முதல் வாரமே காட்டச் சொல்லுங்கள். மீதி நாட்களில் இரண்டு மூன்று முறை ட்யூன் செய்துகொள்ளலாம். சார்ஜர் கேஸில் உள்பேட்டரி இருந்தால் அதைக் கைப்பையில்தான் எடுத்துப்போக வேண்டும். செக்-இன் பெட்டியில் போடக்கூடாது.

ஜேபி பக்கம் என்பதால் இதைவிடப் பரவாயில்லை, ஆளே போய்வரலாம். ஆனால் ட்யூன் செய்ய நாலு தடவை போக வேண்டிவந்தால், எல்லையைத் தாண்டும் காஸ்வேயில் நிற்கும் நேரத்தையும் முதியவரின் முழங்காலையும் கணக்கில் எழுதுங்கள்.

ஆன்லைனில் ரிசீவரோ ஃபில்டரோ வாங்குவது தனி விஷயம். ஃபில்டர், டோம், பேட்டரி தாராளமாக வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் சின்னப் பொருளுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ரிசீவரை நான் வாங்க மாட்டேன். சத்த அளவு ஒரு படி மாறினாலும் மெஷின் அதற்கேற்ற கணக்கில் ஓடாது. "எல்லாக் காதுக்கும்" என்று குறைந்த விலைக்கு விற்கும் ஆம்ப்ளிஃபயர்கள் காது மெஷினே அல்ல. எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகக் கூட்டித் தருகிற பெட்டி அது.

## வழி 5: புதிதாக வாங்குவது

இங்கே ஒரு காதுக்கு ஆயிரத்துச் சொச்ச வெள்ளியிலும் கிடைக்கும், ஐயாயிரத்துக்கு மேலும் போகும். விலையைக் கேட்டதும் பயந்து ரிப்பேருக்கே ஓடுவதும் தவறு, கடைக்காரர் சொன்னதும் அட்டையை நீட்டுவதும் தவறு. வருடக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கணக்குக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ரிப்பேர் 500 வெள்ளி, புதுசு 4,000 வெள்ளி. புதுசு ஐந்து வருடம் ஓடினால் வருடத்துக்கு 800. மூன்று வருடப் பழைய மெஷின் ரிப்பேருக்குப் பிறகு இரண்டு வருடம் ஓடினால் வருடத்துக்கு 250, ரிப்பேர்தான் லாபம். அதே ரிப்பேரை ஆறு வருட மெஷினுக்குச் செய்து, அது ஆறே மாதத்தில் படுத்துக்கொண்டால் வருடத்துக்கு 1,000 ஆகிவிட்டது.

இப்போது உதவித் தொகையைச் சேருங்கள். 60 வயது தாண்டிய சிங்கப்பூரர்களுக்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு நடத்தும் சீனியர்ஸ் மொபிலிட்டி அண்ட் எனேபிளிங் ஃபண்ட் இருக்கிறது. குடும்பத்தின் தலா வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடுவரை மானியம் கிடைக்கும். உடற்குறையுள்ளோர் பிரிவில் வருகிறவர்களுக்கு எஸ்ஜி எனேபல் நடத்தும் அசிஸ்டிவ் டெக்னாலஜி ஃபண்ட். இதிலும் 90 விழுக்காடுவரை, வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. 90 விழுக்காடும் முழுதாகக் கிடைக்கும் குடும்பத்துக்கு மேலே சொன்ன 4,000 வெள்ளி மெஷின் 400 வெள்ளியாகிறது. வருடத்துக்கு 80. ரிப்பேருக்குச் சொன்ன 500-ஐ இப்போது திரும்பிப் பாருங்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று: அசிஸ்டிவ் டெக்னாலஜி ஃபண்ட் புதிதாக வாங்க மட்டுமல்ல, இருப்பதை ரிப்பேர் செய்யவும் உதவும். ஆனால் எந்த உதவிக்கும் முதலில் மனு, பிறகு பில். கடையில் காசு கட்டிவிட்டு ரசீதோடு போய் நின்றால் கை விரித்துவிடுவார்கள்.

புதுசுக்கும் மறைவான செலவுகள் உண்டு. மூளை புதுச் சத்தத்துக்குப் பழகச் சில வாரம் ஆகும். அந்த வாரங்களில் மூன்று நான்கு முறை ட்யூன் செய்யப் போய்வர வேண்டும். பழைய சார்ஜர், ஃபில்டர், மோல்ட் எதுவும் சேராது. ஆப் வேலை செய்யப் புது ஃபோன் கேட்கலாம். பொத்தான் பேட்டரியை மாற்றிப் பழகிய 80 வயதுக்காரருக்குச் சார்ஜ் வகை வசதிதான், ஆனால் ராத்திரி சார்ஜரில் வைக்க மறந்தால் மறுநாள் முழுக்கக் காது இல்லை. காதுக்குள் மைக் குழாய் விட்டு அளந்து சரிபார்க்கும் ரியல்-இயர் அளவீடு செய்வார்களா என்றும் கேளுங்கள். செய்யும் இடத்துக்கே போங்கள். சுமாரான மெஷினும் அளந்து செட் செய்தால், அளக்காமல் மாட்டிய விலை கூடிய மெஷினைவிட நன்றாகக் கேட்கக்கூடும்.

## ஒரே பார்வையில்

| | வீட்டுப் பராமரிப்பு | வாங்கிய கடை | மருத்துவமனை | ஜேபி / ஊர் | புதுசு |
|---|---|---|---|---|---|
| எதற்குப் பொருந்தும் | அடைப்பு, ஈரம், பேட்டரி | ரிசீவர், சர்க்யூட், சார்ஜ் பேட்டரி | காதும் மெஷினும் சேர்ந்த சந்தேகம் | அங்கேயே வாங்கியது | ஐந்து வருடம் தாண்டியது, காது இறங்கியது |
| காத்திருப்பு | இல்லை | அரை மணி முதல் சில வாரம் | அப்பாய்ன்ட்மென்டைப் பொறுத்து | போய்வரும் ஆளைப் பொறுத்து | மனு, சோதனை, பொருத்துதல் |
| ட்யூன் | தேவையில்லை | அங்கேயே | அங்கேயே | இதுதான் சிக்கல் | அங்கேயே, பல முறை |
| மறைவான செலவு | கைத்தவறு | வரி, ட்யூன் கட்டணம் | நேரம் | இங்கே மறுபடி ட்யூன், வாரண்டி | பழகும் காலம், புது உதிரிகள் |
| அரசு உதவி | இல்லை | தகுதியிருந்தால் ரிப்பேருக்கும் | மனுவுக்கு ஏற்ற இடம் | இல்லை | 90 விழுக்காடுவரை |

## நான் எப்படி முடிவெடுப்பேன்

மெஷினுக்கு நான்கு வருடம் ஆகவில்லை, காது மாறவில்லை என்றால் வாங்கிய கடை. ரிசீவர் மட்டும் என்றால் எத்தனை வருடமானாலும் மாற்றிவிடுவேன், பாகம் கிடைக்கும்வரை.

ஐந்து வருடம் தாண்டி, சர்க்யூட் போய், மானியத்துக்கும் தகுதி இருக்கிறது என்றால் ரிப்பேர் விலையைக் கேட்கக்கூட நேரம் செலவழிக்க வேண்டாம். பலதுறை மருந்தகத்துக்குப் போய்க் கடிதம் வாங்குங்கள். மானியத் தகுதி இல்லாத நடுத்தரக் குடும்பத்துக்குத்தான் முடிவு கடினம். அவர்களுக்கு என் யோசனை: ரிப்பேருக்கு ஒரு வருட வாரண்டி கேளுங்கள். தருகிறார்கள் என்றால் செய்யுங்கள், அந்த ஒரு வருடத்தில் புதுசுக்குச் சேருங்கள். ஆறு மாதம்கூடத் தர மறுத்தால் அந்த மெஷின்மேல் அவர்களுக்கே நம்பிக்கை இல்லை.

இரண்டு காதிலும் மெஷின் இருந்து ஒன்று மட்டும் போனால், வேறு பிராண்டில் ஒன்றை மட்டும் வாங்கிச் சேர்க்க வேண்டாம். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது, ஆப்பும் ரிமோட்டும் தனித்தனி ஆகிவிடும்.

வாங்கி ஆறு மாதத்துக்குள் பழுது என்றால் பேரமே தேவையில்லை. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பாடு. முதலில் ரிப்பேர் அல்லது மாற்று, அது நடக்காவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம் திரும்ப. கடை மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கம், அதற்கும் மேல் 20,000 வெள்ளிவரை விசாரிக்கும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். ஆனால் தண்ணீரில் போட்டதற்கும் ஊசியால் குத்தியதற்கும் இந்தச் சட்டம் வராது.

புதுசு வந்த பிறகு பழசைத் தூக்கிப்போட வேண்டாம். ஓடுகிற நிலையில் இருந்தால் புதுசு பொருத்தும் அன்றைக்கே அதையும் இப்போதைய காதுக்கு ஏற்றபடி செட் செய்யச் சொல்லுங்கள். அடுத்த முறை ரிப்பேருக்கு அனுப்பும்போது அதுதான் இரவல் மெஷின், யாரையும் கேட்க வேண்டாம். பொத்தான் பேட்டரியைக் கழற்றி ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வையுங்கள். சார்ஜ் வகை என்றால் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். தீர்ந்த பேட்டரிகளை ஒரு பாட்டிலில் சேர்த்து, கடைத்தொகுதிகளில் இருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போட்டுவிடலாம்.